ஐம்பது வயது வரை காத்திருக்க முடியாது: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு போக்குவரத்துத் துறைக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 1994இல் ஜப்பானில் தயாரான மஸ்தா எம்.எக்ஸ்-5 கார் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரையைக் கையாலேயே மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். 1.8 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, மொத்த எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1996இல் இந்தியாவில் பதிவானது. 15 ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வருகிறோம். அடுத்த முறை 2026இல் வருகிறது.

2022 ஏப்ரலில் 15 ஆண்டைத் தாண்டிய சாதாரணக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதிக் காருக்கு 40,000. பிறகு 2025 ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு இதெல்லாம் இரட்டிப்பு. சாதாரணக் காருக்கு 10,000, என்னுடையதைப் போன்ற இறக்குமதிக் காருக்கு 80,000. பழைய வண்டிகளுக்கு மாநில அரசு போடுகிற பசுமை வரி தனி.

80,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் வெறும் பணக்கணக்கு என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். இந்தக் கட்டணத்தை முடிவு செய்வது வண்டியின் வயதும் அது இறக்குமதியா என்பதும் மட்டும். பிரேக் பிடிக்கிறதா, பாடி துருப்பிடித்திருக்கிறதா, புகை எவ்வளவு விடுகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் எங்குமே வரவில்லை. ஒழுங்காக வைத்திருக்கிறவனுக்கும் அதே தொகை, எப்படியாவது ஓட்டித் தள்ளுகிறவனுக்கும் அதே தொகை. இதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன்.

2021இல் நீங்கள் கொண்டுவந்த வாகன அழிப்புக் கொள்கையை நான் வரவேற்றவன். சொந்த வாகனத்தை வயதுக்காக அழிக்க வேண்டியதில்லை, தகுதிச் சோதனையில் தோற்றால்தான் அழிக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. நியாயமான பேச்சு. அந்த நியாயம் கட்டணப் பட்டியலுக்கு வரும்போது எங்கே போனது?

இந்த வண்டி என் தாய்மாமா வழியாக வந்தது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஊரோடு வந்துவிடலாம் என்று முடிவெடுத்தபோது வீட்டுச் சாமான்களோடு இதையும் கப்பலில் ஏற்றிவிட்டார். சுங்கத் தீர்வை கட்டிய ரசீது இன்றைக்கும் ஆர்.சி. புக்கோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இந்த வண்டிக்காக அரசுக்குச் சேர வேண்டியதை அவர் அன்றைக்கே முழுசாகக் கட்டிவிட்டார்.

வண்டி வந்த காலத்தில் இந்தப் பக்கம் ஈயம் கலந்த பெட்ரோல்தான். ஈயம் பட்டால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் செத்துப்போகும். மாமா அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பரணில் ஏற்றிவிட்டார். அந்த இடத்தில் ஒரு நேர்குழாயை வெல்டிங் வைத்து ஓட்டினார். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அப்புறம் பரணிலிருந்து அதை இறக்கித் தூசி தட்டி, ஆக்சிஜன் சென்சாரைப் புதிதாக வரவழைத்து, இரண்டையும் மாட்டினார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. 1996இல் பதிவான பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை போகலாம் என்பது உங்கள் விதி. எங்கள் வண்டி அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. அந்த கன்வர்ட்டர் பரணில் பத்திரமாக இருந்ததுதான் காரணம்.

இப்படிப்பட்ட ஆட்கள் வைத்திருக்கிற வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பராமரிப்பு என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாடலை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இதன் உயிர் இருக்கும் இடம் இரண்டு சீட்டுகளுக்கும் பின்னால், மடிப்புக் கூரை பாடியைத் தொடும் மூலையில். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து வழிந்து அங்கே சேரும். ஒவ்வொரு மூலையிலும் விரல் நுழையாத ஒரு ஓட்டை, அதிலிருந்து கீழே இறங்கும் ரப்பர் குழாய். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டிச் சட்டத்துக்குள் போய் நிற்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கும். உலகம் முழுக்க இந்த மாடல் வண்டிகள் செத்தது பெரும்பாலும் இப்படித்தான்.

எங்கள் தெருவில் வேப்பமரங்கள் அதிகம். பங்குனி, சித்திரையில் பூ உதிரும். ஷெட்டுக்குள் நின்றாலும் காற்று அதைக் கொண்டுவந்து சேர்க்கும். ஈரம் பட்டதும் அந்தப் பூ களிமண் மாதிரி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கிவிடுவேன். கம்பி விட்டால் ரப்பர் கிழிந்துவிடும். அதனால் மெல்லிய நைலான் கயிற்றை உருட்டி உருட்டி உள்ளே விட வேண்டும். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துப் பார்க்க வேண்டும். முதலில் கறுப்பாக வரும், அப்புறம் கலங்கலாக, கடைசியில் தெளிவாக. இரண்டு பக்கமும் தெளிந்து சொட்டினால்தான் நான் எழுந்திருப்பேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணாச்சி ஒரு வரியில் முடித்துவிட்டார்: "தம்பி, தண்ணி எங்கன போவுதுன்னு பாத்துக்கிட்டா, துரு எங்கன வரும்னு யாரும் சொல்ல வேண்டாம்."

அந்தப் பெட்டிச் சட்டத்தை எந்தத் தகுதிச் சோதனையிலும் யாரும் தட்டிப் பார்த்ததில்லை. ஓர் அலுவலகத்தில் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் உரசி எடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள், ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். முகப்பு விளக்கு எங்கே என்று கேட்டார்கள். இந்த மாடலில் விளக்குகள் பானெட்டுக்குள் மடங்கியிருக்கும், சுவிட்சைப் போட்டால் மேலே எழும்பும். எழுப்பிக் காட்டினேன். அவ்வளவுதான், முடிந்தது. வேலை பார்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுத்திருந்த கருவியும் நேரமும் அவ்வளவுதான். நான் கேட்பது, வண்டியை ரோலரில் ஏற்றி நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாக அளந்து பார்ப்பதை. தானியங்கிச் சோதனை நிலையங்கள் வருகின்றன என்கிறீர்கள். பழைய சொந்தக் கார்களை முதலில் அங்கே கூப்பிடுங்கள். நான் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி வண்ணாரப்பேட்டைக்குள்ளும் திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள்ளும் வந்துவிட்டது. தெருவில் நின்ற கார்கள் கூரை வரை முங்கிக் கிடந்ததை நாங்கள் பார்த்தோம். எத்தனையோ வண்டிகளைக் கழுவிக் காயவைத்து மறுபடியும் ஓடவிட்டார்கள். சில கை மாறிப்போயின. அவற்றில் இரண்டு வயது, மூன்று வயது வண்டிகளும் உண்டு. வயரிங்குக்குள் சேறு, பிரேக்குக்குள் மணல், தகட்டுக்குள் ஈரம். ஆனால் சொந்தக் கார் என்பதால் பதிவாகி 15 ஆண்டு முடியும் வரை அவற்றை யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவை புது வண்டிகள். ஷெட்டில் நனையாமல் நின்று, மழைக்கு முன் ஓட்டைகள் சுத்தம் செய்யப்பட்டு, ஹோஸ் ஹோஸாகப் பார்த்து மாற்றப்பட்ட வண்டி மட்டும் பழசு. வயது வேறு, நிலை வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எங்கள் மாவட்டத்தில் கிடைக்காது.

பழைய வண்டி எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. கருப்புப் புகை கக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வேனும், ஒரு பக்கமே பிரேக் பிடிக்கும் காரும் தெருவை விட்டுப் போகத்தான் வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. உயரம் ஒன்றே கால் மீட்டர்கூட இல்லை. ஈரடுக்கு மேம்பாலத்தில் பக்கத்தில் பஸ் வந்தால் அதன் டயர்தான் என் முகத்துக்கு நேராகத் தெரியும். புது வண்டியின் பாதுகாப்பு இதில் கிடையாது. அதனால்தான் பீக் அவரில் எடுப்பதில்லை, கன்னியாகுமரி நான்கு வழிச் சாலையில் லாரிகளோடு போட்டி போடுவதில்லை, மழை நாளில் பொதுவாக வெளியே விடுவதே இல்லை.

பிறகு எதற்கு இதை வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். ஒரு முறை விடிகாலையில் பாபநாசம் சாலைக்கு வந்து பாருங்கள். பேட்டை, சுத்தமல்லி தாண்டிச் சேரன்மகாதேவிக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் வயல். பிசான நெல் நடவு நேரமென்றால் கூரையைத் திறந்துவிட்டால் போதும், ஈர மண் வாசம் காருக்குள் வந்துவிடும். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று போகப் போக மலை பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். விக்கிரமசிங்கபுரத்துக்கு மேல் சாலை திரும்ப ஆரம்பிக்கும். அங்கேதான் இந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது புரியும். முன்சக்கரம் என்ன செய்கிறது என்பது ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். சாலையில் மணல் கிடந்தால் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். கியர் லிவர் சின்னது, மணிக்கட்டை அசைத்தால் போதும், சொடக்குப் போட்டதுபோல் விழும். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலையும் ஒரே நீளமான அலுமினியச் சட்டத்தால் இணைத்திருக்கிறார்கள். அதனால் ஆக்சிலேட்டரில் கால் வைத்தால் தாமதம் இல்லாமல் உடனே பின்சக்கரத்தில் தெரியும். முன்னாலும் பின்னாலும் எடை கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக பேட்டரியைக்கூட டிக்கிக்குள் கொண்டுபோய் வைத்தவர்கள் அவர்கள்.

இந்தச் சுகத்துக்கு வேகம் தேவையில்லை. 50, 60 கிலோமீட்டரிலேயே முழுசாகக் கிடைக்கும். இன்றைக்கு வருகிற கார்கள் சத்தமில்லாமல், அதிர்வில்லாமல் 100ஐத் தொட்டுவிடுகின்றன. எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை. இந்த வண்டி அதை ஒரு நொடியும் மறக்கவிடாது. என் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தால் இதில்தான் கற்றுக்கொடுப்பேன்.

1980களின் கடைசியிலும் 1990களிலும் ஜப்பானியர்கள் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வாகன வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. எம்.எக்ஸ்-5 வெளிவந்தது 1989இல். நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர்32 வந்ததும் அதே ஆண்டுதான். 1990இல் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். முழு பாடியையும் அலுமினியத்தில் செய்து வந்தது. 1991இல் மூன்றாம் தலைமுறை மஸ்தா ஆர்.எக்ஸ்-7, பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சினோடு. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது எம்.எக்ஸ்-5தான் என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. கோயில் தேரையும் பழைய ரயில் எஞ்சினையும் காப்பாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். நம் காலத்திலேயே, நம் கண்முன்னால் செய்யப்பட்ட நல்ல இயந்திரத்தை மட்டும் ஏன் குப்பை என்று சொல்ல வேண்டும்?

பழைய வண்டிக்கு மதிப்புக் கொடுக்க நீங்கள் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறீர்கள். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி நல்ல விதி. முதல் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்துகள். இறக்குமதி வண்டிக்கும் அது பொருந்தும். ஆனால் 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். என் வண்டிக்கு அந்த வயது 2044இல் வரும். அதுவரைக்கும் 2026, 2031, 2036, 2041 என்று நான்கு முறை புதுப்பிக்க வேண்டும். இன்றைய கட்டணத்திலேயே போட்டுப் பார்த்தால் 3,20,000 ரூபாய். 50 வயதானால் பாரம்பரியச் சின்னம், 49 வயதில் தண்டனைக்குரிய பழைய இரும்பு. அதே வண்டிதான், அதே ஷெட்டில்தான் நிற்கிறது.

பழைய வண்டிகளைப் பேணுகிற அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.ஏ. 30 ஆண்டு நிறைந்து, மூல நிலை கெடாமல் காக்கப்பட்டு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. ஜெர்மனியிலும் 30 ஆண்டு. அங்கே நம்பரின் கடைசியில் "எச்" என்ற எழுத்தோடு தனி பிளேட் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 40 ஆண்டானால் சாலை வரியே கிடையாது. ஜப்பானில் அரசு 13 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியைக் கூட்டுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே கம்பெனிகளே முன்வந்து பழைய வண்டிகளைக் காக்கின்றன. மஸ்தா 2017இல் முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 வண்டிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, கிடைக்காமல் போன பாகங்களை மறுபடியும் தயாரிக்க ஆரம்பித்தது. நிசானும் டொயோட்டாவும் தங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அதைச் செய்கின்றன.

50 ஆண்டு வரை காத்திருக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர்ப் பட்டறையில் வந்து பார்க்கலாம். நான் சொன்ன அண்ணாச்சி, மேலப்பாளையம் போகிற வழியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். சுவராஜ் மஸ்தா வேன்களில் கை பழகியவர். இந்த வண்டியை முதலில் பார்த்ததும் எஞ்சினைத் தொடவே இல்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிளாஸ்டிக் தொட்டி வெடித்த ரேடியேட்டருக்குப் பதிலாகப் பித்தளையில் ஒன்றை அளவெடுத்துக் கட்டிக்கொடுத்தார். கிளட்சைத் தள்ளும் சிலிண்டர் கசிந்தபோது, அதன் உள்வட்டத்தை வெர்னியரால் அளந்து, அதே அளவு ரப்பர் கப்பை இன்னொரு கம்பெனி வண்டியின் பாகத்திலிருந்து கண்டுபிடித்தார். தேய்ந்த புஷ்களுக்கு அவருடைய லேத் நண்பர் நைலான் உருளையைக் கடைந்து கொடுத்தார். புது வண்டிக்காரர்கள் பாகத்தை மொத்தமாகக் கழற்றி வீசிவிட்டுப் புதிதை மாட்டுகிறார்கள். இவர்களுக்குப் பழுது பார்க்கத் தெரியும். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் இருக்கிற தூரம் பெரிது.

அண்ணாச்சியிடம் இப்போது பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த ஒரு பையன் இருக்கிறான். வால்வ் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டால் உணர்ந்து பார்க்க அவனுக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய வண்டிகள் பட்டறைக்கு வந்தால்தான் அவன் கற்றுக்கொள்ள முடியும். கட்டணத்துக்குப் பயந்து ஒவ்வொருவராக வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்பினால், 2044இல் நீங்கள் விண்டேஜ் பிளேட் தரத் தயாராக இருப்பீர்கள், அதை மாட்ட வண்டி இருக்காது. இருந்தாலும் அதைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது.

இது இறக்குமதிக் கார் வைத்திருக்கிற சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1998லிருந்து நம் திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சரை உயிராக வைத்திருப்பவர்கள் வள்ளியூர்ப் பக்கமும் தென்காசிப் பக்கமும் இருக்கிறார்கள். ஹோண்டா சிட்டி வி.டெக். வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறைக்கு அவைதான் ஸ்போர்ட்ஸ் கார். பென்ஷன் பணத்தில் மாருதி 800ஐ ஓட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதுவும் சுசூகி வடிவமைத்த ஜப்பானியக் கார்தான். 2003இல் வாங்கிய 800க்கு இனிமேல் புதுப்பிப்புக் கட்டணம் 10,000. வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய்வருகிற ஒருவர் எதற்காக இவ்வளவு கட்ட வேண்டும்?

பெட்ரோலைப் பற்றியும் பேச வேண்டும். 2025இல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கரும்பு, நெல், மக்காச்சோளம் போடுகிற விவசாயிக்கு அதனால் நன்மை என்றால் நான் தடுக்க மாட்டேன், நானும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். மாதத்துக்குச் சில நாட்கள் மட்டும் ஓடுகிற வண்டியில் அந்தப் பெட்ரோல் டேங்கிலேயே கிடக்கிறது. என் வண்டியின் எரிபொருள் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றிவிட்டேன். எல்லோராலும் அது முடியாது. எத்தனாலுக்கு வழி வகுத்த நிதி ஆயோக் அறிக்கையிலேயே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்புப் பெட்ரோல் கிடைக்க வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. தூய பெட்ரோலுக்கான வழக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது, அது முடிந்த கதை. நான் கேட்பது அந்தப் பரிந்துரையைத்தான். மாவட்டத்துக்கு ஒரு பங்க் போதும். கொஞ்சம் விலை கூடினாலும் போட்டுக்கொள்கிறோம்.

சரி, கட்டுப்பாடு எதுவுமே வேண்டாம் என்று சொல்கிறேனா என்றால் இல்லை. 30 ஆண்டு நிறைந்த சொந்த வண்டிகளுக்கு ஒரு தனி வகையை உருவாக்குங்கள். அந்த வகையில் சேருகிறவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாக ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்கு வரட்டும். பிரேக், சஸ்பென்ஷன், சட்டத்தின் துரு, புகை எல்லாவற்றையும் கருவி வைத்துப் பாருங்கள். தோற்றால் சரிசெய்து வரச் சொல்லுங்கள், சரிசெய்ய முடியாததை அழித்துவிடுங்கள். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம் என்று வரம்பு வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். வண்டியின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களைப் பொறுத்தவரை சரியான தீர்ப்பு. இடி மாதிரிச் சத்தம் போடுகிற சைலன்சரை மாட்டிக்கொண்டு இரவில் புறவழிச்சாலையில் ஓட்டுகிறவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, அவர்களை இந்த வகைக்குள் விட வேண்டாம். சோதனைக்கு ஆகிற உண்மையான செலவை எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாங்கும்போது மட்டும், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லுங்கள்.

கண்காட்சி, ஊர்வலம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் எடுக்கலாம் என்ற விண்டேஜ் விதியின் கட்டுப்பாட்டை இந்த வகைக்கு வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நின்றுகொண்டே இருக்கிற வண்டி கெட்டுப்போகும். சீல் காய்ந்துவிடும், பிரேக் பிஸ்டன் இறுகிவிடும். வாரம் ஒருமுறை பாபநாசம் வரைக்குமாவது போய்வந்தால்தான் அது வண்டியாக இருக்கும்.

தமிழ்நாடு போக்குவரத்துத் துறைக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மத்திய விதி மாறக் காலம் பிடிக்கலாம். பசுமை வரி உங்கள் கையில் இருக்கிறது. புகைச் சோதனையில் வரம்புக்கு வெகு கீழே வருகிற வண்டிக்கு அதில் ஒரு சலுகை கொடுத்துத் தொடங்கலாம். சுத்தமாக வைத்திருந்தால் அரசு கவனிக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரரும் தன் கார்புரேட்டரைச் சரிசெய்யப் பட்டறைக்குப் போவார்.

என் வண்டியின் பதிவு 2026இல் முடிகிறது. விதி மாறுமோ மாறாதோ, நீங்கள் சொல்கிற சோதனை நிலையத்துக்கு, நீங்கள் சொல்கிற நாளில் வண்டியைக் கொண்டுவருகிறேன். அது மதுரையில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, ஓட்டிக்கொண்டே வந்து சேர்வேன். ரோலரில் ஏற்றுங்கள், தூக்கி நிறுத்திச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், புகைக் குழாயில் கருவியை வைத்துப் படியுங்கள். தேறவில்லை என்றால் ஆர்.சி.யை அங்கேயே கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்புகிறேன். தேறினால், அந்தச் சோதனைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 80,000 என்ற தொகையை மறுபரிசீலனை செய்யுங்கள்.

வணக்கத்துடன்,
பாளையங்கோட்டையிலிருந்து, 1994 மஸ்தா ஒன்றின் உரிமையாளர்